மகன் அறையில் ஆறு நாள்

உலக இளையோர் தினம் என்றதும் போப்பைப் பார்க்கக் கூடும் பெருங்கூட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அதற்கு முந்தைய ஆறு நாள்கள்தான் நெஞ்சில் நிற்கின்றன.

போப் இரண்டாம் ஜான் பால் தொடங்கிவைத்த இந்தச் சந்திப்பு, 2023 ஆகஸ்ட் 1 முதல் 6 வரை போர்ச்சுக்கலின் லிஸ்பனில் நடந்தது. ஜூலை 26 முதல் 31 வரை, வெளிநாட்டு இளைஞர்கள் அந்நாட்டின் பல மறைமாவட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். எங்கள் குழுவைச் சேர்ந்தவர்களுக்கு ஹோட்டல் இல்லை. ஊர்க்காரர்களின் வீடுகளில்தான் தங்கல்.

"முன்னபின்ன தெரியாதவங்க வீட்டுல வயசுப் பொண்ணு எப்படித் தங்கும்?" என்றார் அப்பா.

அம்மாதான் வழக்கை முடித்துவைத்தார். எங்கள் வீடு தொண்டிப் பக்கம். ஓரியூர் அருளானந்தர் எங்களுக்குச் சொந்த ஊர்ச் சாமி. 1647-ல் லிஸ்பனில் பிறந்து, 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர்விட்டவர். லிஸ்பன் சந்திப்பின் பாதுகாவலர்களில் அவரும் ஒருவர். "அந்த ஊருக்காரரு நம்மள நம்பி வந்து, நம்ம சோத்தச் சாப்பிட்டு வாழ்ந்தாரு. இவ அங்க ஆறு நாள் இருக்கக் கூடாதா?" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பிராகா நகருக்கு வெளியே ஒரு கிராமம். எனக்கும் என் தோழிக்கும் கிடைத்த வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய தம்பதி. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. மொபைலில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப்தான் துணை.

முதல் நாள் மாலையே அந்த அம்மா என் உள்ளங்கையில் வாசல் சாவியை வைத்து, "ஷாவ்" என்றார்.

"நாங்களும் சாவின்னுதான் சொல்வோம்!" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மேசையைத் தட்டி "மேசை" என்றேன். அவர் "மேஸா" என்றார். ஜன்னல் "ஜனெலா" ஆனது, அலமாரி "அர்மாரியு" ஆனது. கப்பலில் வந்து நம் வீட்டுக்குள் குடியேறிவிட்ட வார்த்தைகள்! வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சிரித்தோம்.

மெலிதாக நறுக்கிய கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட 'கால்டோ வெர்டே' சூப், சோள ரொட்டி, கருவாட்டு மீன் என்று தினமும் விருந்துதான். அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயை அவர் ருசித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

நாங்கள் படுத்தது அவர் மகனின் அறையில். கடைசி இரவு அவன் படத்தைக் காட்டிப் போனில் ஏதோ பேசினார். திரையில் வந்ததைப் படித்தேன்: 'மகன் வேலை தேடி பிரான்ஸ் போனபோது, யாரோ ஒரு குடும்பம் அவனுக்கு ஒரு மாதம் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தது. அவர்களை நான் பார்த்ததே இல்லை. நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.'

லிஸ்பனில் டேகஸ் நதிக்கரையில் சுமார் 15 லட்சம் பேருடன் வானத்தைப் பார்த்தபடி இரவைக் கழித்தபோதும், அந்த வரிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பி இதை அப்பாவிடம் சொன்னேன். "உம்" என்றதோடு எழுந்து போய்விட்டார். அண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறான்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடப்பவர்கள் எங்கள் வாசல் வழியே போனார்கள். வருடா வருடம் அப்பா கேட்டுக்கு வெளியே நின்று மோர் ஊற்றுவார். யாரையும் உள்ளே அழைக்கும் வழக்கம் இல்லை. அன்று மாலை நான்கு பெண்கள் மோர் குடித்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். மூத்தவர் அம்மாவிடம், "பாத்ரூம் போயிட்டு வரலாமாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"உள்ள வாங்கம்மா. பொழுது சாஞ்சிருச்சு. படுத்துட்டு விடியக்காலம் நடங்க" என்றார் அப்பா.

நான்கு பேரும் என் அறையில் படுத்தார்கள். நான் ஹாலில் பாய் விரித்துக்கொண்டேன்.