பரிவு என்னும் பாடம்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நண்பர்கள் பணித்தபோது சற்றே மயங்கினேன். அறிஞர் பலர் எழுதும் மலரில் மோட்டார் திருத்துபவன் எதை எழுதுவான்? தொழிலையே எழுதுவோமெனத் துணிந்தேன். அதிலும் ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொள்கிறேன். காரின் எஞ்சினை அதன் உடற்சட்டத்தோடு பிணைக்கும் மவுண்டிங்தான் அது.

இங்கிலாந்தின் கவென்றி நகரில் நான் வாழத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2017 ஆம் ஆண்டுக் கோடையில் என் மகன் பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டு வீட்டிலிருந்தான். நான் கடிந்துகொண்டேன், அவன் பேச்சை நிறுத்தினான். எங்களிடையே எஞ்சியிருந்த ஒரே பாலம் அவனுடைய கார். இரண்டு லீற்றர் டேர்போ எஞ்சின், முன்சில்லுகளை இயக்குவது. அதன் வலுவை மேலும் கூட்டி, முறுக்கத்தை 400 நியூற்றன் மீற்றர் வரை உயர்த்தியிருந்தான்.

வலு கூடியதும் குறையும் தோன்றியது. விரைந்து புறப்படுகையில் எஞ்சின் பின்னோக்கி உருண்டது, கியர் மாற்றுகையில் 'தொம்' என்ற ஓசை எழுந்தது, சில்லுகள் தத்தின. காரணம் நியூற்றனின் மூன்றாம் விதியே. எஞ்சினின் முறுக்கம் பற்சில்லுகளிற் பெருகி, முதற் கியரில் ஏறத்தாழப் பன்னிரு மடங்காய்ச் சில்லுகளை அடைகிறது. அதே அளவு முறுக்கம் எஞ்சினை எதிர்ப்புறம் திருப்ப முனைகிறது. அதைத் தடுக்கவேண்டிய றப்பரோ பழமையால் வெடித்திருந்தது.

அக்காரில் மவுண்டிங் மூன்று. மேலிரண்டும் எஞ்சினின் பாரத்தைச் சுமப்பன. கீழுள்ளது எஞ்சின் உருளாது மறிப்பது. நான் அவசரக்காரன். மூன்றையும் கழற்றிவிட்டு, றப்பரினும் மிகக் கடினமான பொலியூரித்தேன் மவுண்டிங்குகளைப் பூட்டினேன். கியர் கச்சிதமாக விழுந்தது. பல மாதங்களின் பின் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவ்வேளையில், எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், எண்பதைக் கடந்தவர், லண்டனிலுள்ள தம் மகளிடம் வந்திருந்தார். எம்மைக் காணக் கவென்றிக்கும் வந்தார். புகையிரத நிலையத்திலிருந்து அவரை மகனின் காரிலே அழைத்து வந்தோம். சிவப்பு விளக்கில் கார் நின்றது. ஆசனம் நடுங்கிற்று, பின்நோக்குக் கண்ணாடியில் உருவங்கள் கலங்கின. முதுகு நோவுடைய அப்பெரியவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அவரோ மகனை நோக்கி, "தம்பி, இப்போது எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்று?" என்றார்.

"750."

"நான்கு சிலிண்டரானால் ஒரு சுற்றுக்கு இருமுறை எரியும். செக்கனுக்கு எத்தனை?"

மகன் எண்ணிப் பார்த்து, "25" என்றான்.

"மவுண்டிங்கின்மேல் எஞ்சினின் இயற்கை மீடிறன் முன்பு 12 என்று வைத்துக்கொள். விறைப்பை நான்கு மடங்காக்கினால் மீடிறன் இரு மடங்காகும்."

"24! இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன!" என்றான் மகன்.

"அதுதான் பரிவு. உன் அப்பாவுக்கும் படிப்பித்தேன், மறந்துவிட்டார் போலும்."

"மறக்கவில்லை, சேர், நினைக்கவில்லை" என்றேன்.

அன்றிரவு மேசையில் இருவரும் கடதாசியும் பென்சிலுமாய் இருந்தனர். இயற்கை மீடிறன் ஏறத்தாழ 17க்குக் கீழே நின்றாலன்றி 25 என்னும் அதிர்வு உள்ளே வராது தணியாதென்று கணித்தனர். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1931 இல் அமெரிக்காவின் பிளிமத் கார் எஞ்சினை றப்பர்மேல் மிதக்கவிட்டது. மறு ஆண்டு அம்முறையை ஏற்ற பிரான்சின் சித்ரோன், நீந்தும் அன்னத்தை அதற்குச் சின்னமாக்கியது.

மறுநாள் மகனும் நானுமாக மேலிரண்டு இடங்களிலும் புதிய றப்பர் மவுண்டிங்குகளைப் பூட்டினோம். கீழுள்ள கடினமானதை மட்டும் விட்டுவைத்தோம். எஞ்சின் உருளவில்லை, கண்ணாடியும் தெளிந்தது. மெல்லிய முரல் ஒன்றே மிஞ்சிற்று.

விடைபெறும்போது ஆசிரியர் என்னிடம், "உருளாமல் மறிக்க ஓரிடம் விறைப்பாயிருந்தாற் போதும். பாரம் சுமக்கும் இடங்கள் நெகிழவேண்டும்" என்றார். அவர் காரைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அது காரோடு நிற்கவில்லை. அன்று முதல் கடிதலைக் குறைத்தேன். அடுத்த ஆண்டு மகன் தானாகவே படிப்புக்கு மீண்டான்.

பரிவென்பது தமிழில் இரக்கத்திற்கும் பெயர். காரிலே தவிர்க்கவேண்டிய பரிவு, மனிதரிடையே தவிர்க்கலாகாதது. ஒன்றை வகுப்பறையிலும் மற்றதைத் தம் நடையிலும் கற்பித்த ஆசிரியரை எமக்களித்த கல்லூரித் தாய்க்கு என் வணக்கம்.