கழுத்தும் காலும்

வேட்டங்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடாதவர்களைப் பார்த்து வளர்ந்தவன். நாரையை எனக்கு யாரும் காட்டித்தர வேண்டாம் என்ற நினைப்போடுதான் பாகூர் ஏரிக்கரையில் ஏறினேன்.

மார்கழி மாதம், காலை பத்து மணி. கரைக்குக் கீழே வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிய வானத்தில் இருபது முப்பது பெரிய பறவைகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டன. வெளிறிய உடம்பு, இறக்கையின் பின்னோரம் கறுப்பு. “நத்தைகுத்தி நாரை” என்றேன் நண்பரிடம்.

களை பறித்த ஓர் அம்மா நிமிர்ந்தார். “அது கூழக்கடா தம்பி.”

கறுப்பு ஓரத்தைக் காட்டி, எங்கள் ஊர் நாரை எனக்குத் தெரியாதா என்று மறுத்தேன். அவர் விடவில்லை. “வெயிலுக்கு எதுர்ல பாத்தா எல்லாமே கறுப்புதான். நெறத்த உடுங்க. கழுத்தப் பாருங்க, காலப் பாருங்க.”

சேறு அப்பிய கையை முன்னே நீட்டினார். விரல்களுக்கிடையே கோரைக் கற்றை. “இது நாரை.” பிறகு முழங்கையை மடக்கி முஷ்டியைத் தோளில் வைத்தார். “இது கூழக்கடா.”

தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். அத்தனை நீள அலகின் பாரத்தோடு தலையைத் தோளுக்கு இழுத்து, கழுத்தை மடித்துப் பறந்தன. குட்டைக் கால்கள் வாலைத் தாண்டித் தெரியவில்லை. கூழைக்கடாதான். நாரையாக இருந்தால் கழுத்து முன்னேயும் கால் பின்னேயும் நீண்டிருக்கும். கொக்கு கழுத்தை மடக்கும், ஆனால் காலை நீட்டிக்கொண்டு போகும். இந்த இரண்டு அடையாளம் போதும், மூன்றும் பிரிந்துவிடும். எங்கள் கண்மாயில் கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரையைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். உயரத்தில் பறப்பதை அண்ணாந்து கவனித்ததே இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நத்த பொறுக்க வயலுக்கு எறங்குறது எது, மீனுக்கு ஏரிக்குப் போறது எதுன்னு தெரிய வேணாமா?” தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில் நெல்லோடு நத்தையும் மீனும் வளர்கின்றன. பறவைகள் அந்த நத்தையையும் மீனையும் தேடித்தான் வருகின்றன.

அவர் மறுபடி குனிந்துவிட்டார். சற்று நேரத்தில் கிழக்கே இன்னொரு கூட்டம் எழும்பியது. தலை தூக்காமலே கேட்டார்: “கால் தெரியுதா?”

“தெரியுதும்மா. கழுத்தும் நீட்டியிருக்கு.”

“அப்ப அது உங்க ஊரு நாரை.”