கட்டுகஸ்தோட்டைக்குச் சிங்களம் மட்டும் போதுமா?

கண்டியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மகாவலிப் பாலத்தை ஒட்டியிருக்கிறது கட்டுகஸ்தோட்டை. குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ10 வீதி இங்கேதான் தொடங்குகிறது. சந்தியில் சற்று நேரம் நின்றால் ஊரின் இயல்பு தெரிந்துவிடும். கடை முதலாளி எதிரே நிற்பவரிடம் ஆணிக்குச் சிங்களத்தில் விலை சொல்வார்; மறுகணமே உள்ளே இருக்கும் பையனைத் தமிழில் அழைத்து நிறுக்கச் சொல்வார். இப்படிப்பட்ட ஊரில் ஓரிரு ஆண்டு தங்கிப் பணியாற்ற வருகிற வெளிநாட்டுத் தொண்டருக்கு வாடகை அறை, பிளேன்டீ, சோத்துப் பார்சல், நுளம்பு எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். அவற்றைப் பற்றி இவ்வளவு எழுதுகிறார்களே என்று எனக்கு வியப்புண்டு. பழகாமல் நின்றுபோவது மொழிதான். கண்டி சிங்களவர் ஊர், ஆகவே சிங்களம் போதும் என்ற எண்ணத்தோடு வருகிறவர் ஊரின் ஒரு பகுதியைப் பார்க்காமலே திரும்புகிறார். கண்டிப் பக்கம் வருகிற தொண்டருக்குத் தமிழும் கற்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து ஏறத்தாழக் கால்வாசிப் பேர். அவர்களில் மிகப் பலருக்கு வீட்டுமொழி தமிழ். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி மாத்தளை வீதியில் போனால் முஸ்லிம்கள் செறிந்த அக்குறணை வரும். மலைப்பக்கம் திரும்பினால் தேயிலைத் தோட்டங்கள். மலையகத் தமிழர் 1948இல் பிரஜாவுரிமை இழந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, பலர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிய கதையை லயன்களில் இன்றும் கேட்கலாம். தமிழில் கேட்டால்தான் சொல்வார்கள். வெளியாள் உள்ளூர் மொழிகளுக்கு இடம் கொடுக்க முடியாதென்பதும் இல்லை. கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த பிரேசர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், ஆங்கிலமே கல்வி என்றிருந்த காலத்தில் உள்ளூர் மொழிகளுக்குப் பாடத்தில் இடம் கொடுத்தார். உள்ளூரிலும் முன்மாதிரி உண்டு: 1972இல் பாதிரியார் போல் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்யோதய நிலையம் சிங்களக் கிராமம், தமிழ்த் தோட்டம் இரண்டிலும் வேலை செய்தது.

இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களம் நன்றாகத் தெரியுமே, பிறகெதற்குத் தமிழ் என்பார்கள். கடைத்தெருவைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு வயதான பெண் தன் இடுப்புவலியைக் கிளினிக்கில் இரவல் மொழியில் சொல்லும்போது பாதி விட்டுப்போகும். இரண்டாண்டில் இரண்டு மொழியா என்பது இன்னும் நியாயமான கேள்வி. இரண்டிலும் புலமை வேண்டாம். அலுவலுக்கு ஒன்றை நன்றாகவும், மற்றதைச் சுகம் விசாரிக்கும் அளவுக்கும் கற்றால் போதும். எழுத்துக்கூட அவசியமில்லை. சிறுபான்மையினரின் மொழியைக் கற்றால் ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றாதா என்றும் சிலர் தயங்குகிறார்கள். 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகன பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்து, அவசரகாலச் சட்டம் வந்ததை நினைத்தால் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சிங்களம் மட்டும் தெரிந்த தொண்டர் அப்படியான நாளில் ஒரு தரப்பின் பேச்சை மட்டுமே கேட்பார். சாய்வு என்றால் அதுதான் சாய்வு. சட்டத்தைக் காட்ட வேண்டுமானால், 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழியே.

தொண்டர்களை அனுப்புகிற அமைப்புகள் பயிற்சியில் சில வாரத்தைத் தமிழுக்கு ஒதுக்கட்டும். நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளையோ ஜப்பான்காரப் பிள்ளையோ தடுமாறித் தமிழ் பேசினால், உடனே ஆங்கிலத்துக்குத் தாவாமல் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.