ஒரு பழைய படமும் எங்கள் பிரின்டரும்



எங்கள் பாடசாலையின் 1968ஆம் ஆண்டு ஆசிரியர் குழுப் படம் ஒன்று ஒரு வீட்டு அலுமாரியில் கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து பிரின்ட் எடுத்தோம். கேள்விப்பட்டு ஒரு மூத்தம்மா வந்தார். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் இங்கே படிப்பித்தவர். வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் 2004 சுனாமியோடு போய்விட்டன.

படத்தை நீட்டினோம். பின்வரிசை மர நிழலில் ஒரே கறுப்பு. "இதுல எங்கட வாப்பா எங்க மகன்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் அந்த முகங்கள் தெரிந்தன. தாளில்தான் இல்லை. படத்தை வெளிச்சமாக்கினால் முன்வரிசையின் வெள்ளைச் சேர்ட்டுகள் கரைந்தன. போதாததற்கு முகமெல்லாம் பச்சை. அப்போதுதான் விளங்கியது, திருத்த வேண்டியது படத்தை அல்ல, பிரின்டரை.

முதலில் நொசில் செக் எடுத்தோம். மெஜன்டா கோடுகள் விட்டுவிட்டு வந்தன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் பிரின்டர் எல்லா நிற மையையும் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது. மெஜன்டா குறைந்தால் பச்சை தலைதூக்கும். ஹெட் கிளீனிங் இரண்டு முறை செய்ததும் சரியானது. 'கறுப்பு மை மட்டும்' என்று கொடுத்தும் பார்த்தோம். பச்சை போனது, ஆனால் முகங்களில் மணல் தூவியது போலப் புள்ளிகள். அதை விட்டுவிட்டோம்.

அடுத்தது தாள். போட்டோ தாளை வைத்துவிட்டு, செட்டிங்கில் சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தோம். எங்கள் பிழைதான்.

பிறகு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 5 வீதம் 5 வீதமாகக் கூடும் 21 கட்டங்களைப் பிரின்ட் எடுத்தோம். ஓர் இரவு காயவிட்டு, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். கடைசி ஐந்து கட்டங்களும் ஒரே கறுப்பு! வாப்பாமார் நின்ற இடம் அதுதான். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் கர்வ் மூலம் இருண்ட பகுதியை மட்டும் கொஞ்சம் உயர்த்தினோம். நாலாவது தாளில் 21 கட்டங்களும் பிரிந்து தெரிந்தன. அந்தக் கர்வைச் சேமித்து, அதே தாளுக்கும் அதே மைக்கும் எப்போதும் அதையே போடுகிறோம்.

மூத்தம்மாவை மறுபடி அழைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் மூன்றாவது ஆளில் விரலை வைத்தார். "இந்தா... தொப்பிய இப்பிடிச் சரிச்சித்தான் போடுவார்." அதற்குமேல் அவர் பேசவில்லை. நாங்களும்தான்.

படத்தைச் சுவரில் மாட்டுவது பற்றி நமக்குள் வேறு வேறு கருத்து உண்டு. நாங்கள் மாட்டவில்லை. கோப்பில் வைத்திருக்கிறோம். உங்கள் வீடுகளிலும் பழைய பாடசாலைப் படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவோம். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்களையும் கூட்டி வாருங்கள். முகத்தை நாங்கள் எடுத்துத் தரலாம். பெயரை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.