வலிக்குதா என்று கேட்பதில்லை

பசறையைத் தாண்டி நமுனுகுல மலைப்பக்கம் ஏறும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்களில் இரண்டொருவர் நேராகத் தங்கள் காம்பராவுக்குப் போவதில்லை. லயத்தின் கடைசி இஸ்தோப்பில் பாய் விரித்து வைத்திருக்கும் அம்மாயியிடம் போகிறார்கள். ஓய்வு பெறும்வரை அவரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்தான். உளுக்கு, கழுத்துப் பிடிப்பு, பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு நீவி விடுவது எல்லாம் மாமியாரிடம் பழகிக்கொண்டது. காசு வாங்குவதில்லை, எண்ணெய் கொண்டுவந்தால் போதும்.

கையில் எவ்வளவு பலம் போடுவது என்று இவர் எப்படித் தீர்மானிக்கிறார்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

கூடைக் கயிறு தலையில் ஏறி உட்கார்ந்தால் பாரம் முழுவதும் கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடுப்பும் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதில் பை வந்துவிட்டது, ஆனால் கேட்கும் நிறை குறையவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறினாலும் 18 கிலோ என்பது அடிக்கடி காதில் விழும் எண். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும், உலகம் தேடி வாங்கும். அதே காற்றில் செடி துளிர்ப்பது மந்தம். நிறை சேர்க்க இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

அன்று படுத்தவர் நாற்பதைக் கடந்தவர். அம்மாயி எண்ணெயைச் சூடாக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நிறைய ஊற்றவில்லை. எண்ணெய் கூடினால் கை வழுக்கி மேலாகவே போய்விடும். ஆழமாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் விரல் நிற்காது. முதலில் உள்ளங்கை முழுவதையும் பதித்துத் தோளைச் சூடேற்றினார். பிறகுதான் பெருவிரல். அதையும் விரல் பலத்தால் அழுத்தவில்லை. முட்டி போட்டு, முழங்கையை மடக்காமல், தம் உடம்பையே முன்னால் சாய்த்தார். மறு கை முதுகில் கிடந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு வெளியே போகும்போது கொஞ்சம் ஆழம் கூட்டுவார்; மூச்சைப் பிடித்துக்கொண்டால் அங்கேயே நின்று காத்திருப்பார்.

"சதை பயந்துட்டா உள்ள விடாது, பிள்ள. முரட்டுத்தனமா அமுக்குனா இன்னும் இறுகிக்கிரும்."

வலிக்குதா என்று அவர் கேட்கவேயில்லை. நான் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றார் படுத்திருந்தவர். அம்மாயி கண்ணால் அவர் காலைக் காட்டினார். கால் பெருவிரல் இரண்டும் பாயில் குத்தி நின்றன.

"இவளுக எதுக்குமே வலிக்குதுன்னு சொல்ல மாட்டாளுக. சொல்லிப் பழக்கமில்ல. கால பாரு, அது சொல்லும்."

அழுத்தத்துக்கு அளவு தேடியவர்கள் உண்டு. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் இடத்தை விரற்கடையால் அளந்து, அழுத்தத்தைக் கால், அரை, முக்கால், ஒன்று என்று மாத்திரைக் கணக்கில் சொல்வார்கள். அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடுகை ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் குறைமாதக் குழந்தைகளை நீவிப் பார்த்தார்கள். மேலோட்டமாக வருடிய குழந்தைகளைவிட, மிதமாக அழுத்தி நீவிய குழந்தைகளுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் குழந்தைக்குப் பிடிக்காவிட்டால் உடனே முகம் சுளிக்கும், அழும். பல வருஷம் மலையில் நின்ற உடம்பு வலியை விழுங்கப் பழகியது. அதனிடம் எந்த அளவுகோலும் பாதி உண்மையைத்தான் காட்டும்.

கை வைக்கக் கூடாத இடமும் அம்மாயிக்குத் தெரியும். புது உளுக்கு வீங்கியிருந்தால் தடவ மாட்டார். முன் கழுத்தைத் தொட மாட்டார். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சுட்டால், பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். சரியான முடிவு: நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தால், நீவும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் தோள்வலிக்குப் பனடோல் தருகிறார்களாம். இந்தப் பெண்களின் தோளைத் தொட்டுப் பார்க்கிறவர் இவர் ஒருவர்தான் என்பது எனக்குக் கோபத்தைத் தந்தது.

அம்மாயியின் பேத்தி எல்ல என்ற ஊரில் ஒரு விடுதியில் மசாஜ் வேலை செய்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கேட்க அங்கே பழக்கியிருக்கிறார்கள். "அங்க வாரவங்க கூட்டு, குறைன்னு வாய்விட்டுச் சொல்லுவாங்க டீச்சர். இங்க யாரைக் கேட்டாலும் அஞ்சுதான்."

அதனால் அவள் வேறு வழி வைத்திருக்கிறாள். பாயின் மறுபக்கம் உட்கார்ந்து, ஒரே இடத்தில் இரண்டு தரம் வெவ்வேறு பலத்தில் பிடித்தாள்.

"அத்தை, இதுவா, முன்ன போட்டதா?"

"முன்னயது."

"இப்ப?"

"இது கொஞ்சம் கூட."

வலிக்குதா என்றால் தாங்குகிறேன் என்பதுதான் இவர்களுக்குத் தெரிந்த பதில். இரண்டில் எது என்று கேட்டால் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நாலைந்து பிடிக்குள் அவர் தாமாகவே பேசத் தொடங்கினார்: "அங்க இல்ல, கொஞ்சம் கீழ. ராவுல தூங்க விடாதது இடப்பக்கந்தான்."

அதுவரை வலத்தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாயி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்தார். இரண்டு தரம் அழுத்திவிட்டுக் கேட்டார்: "இதுவாடி, அதுவா?"