மணல் வளவும் குசினிக் கழிவும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே வந்தால் ஐந்தாறு கிலோமீற்றரில் காத்தான்குடி. வீதி நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களே ஊர் வந்துவிட்டதைச் சொல்லும். கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் மதிலோடு மதிலாக வீடுகள். சகோதரிகளே, வளவைக் கிளறிப் பாருங்கள். வெறும் மணல்! ஊற்றும் தண்ணீரும் போடும் பசளையும் வேருக்கு நில்லாமல் கீழே இறங்கிவிடும்.

குப்பை கொட்டவும் இங்கே இடமில்லை. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியதுதான். அதையும் பையில் கட்டி வீதிக்கு அனுப்பிக் குவித்தால் என்ன நேரும் என்பதைக் கொழும்பு மீதொட்டமுல்லை காட்டிற்று. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அங்கே குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மணலுக்குத் தேவை உக்கல். குசினியில் மிஞ்சுவதை அந்த உக்கலாக்கித் தருவது மண்புழு.

அகன்ற பழைய பேசின் ஒன்று போதும். அடியில் துளையிட்டு, தும்பும் சருகும் பரப்பி, அதன்மேல் பழைய மாட்டெருவைப் போட்டு ஈரமாக்குங்கள். புதுச் சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும். ஆழத்தில் வாழும் புழு இதற்குச் சரிவராது. மேற்பரப்பில் கழிவைத் தின்னும் சிவப்புப் புழுவே வேண்டும். வளர்ப்பவரிடம் ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளலாம்.

மரக்கறித் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது எல்லாம் போடலாம். மீன், இறைச்சி, எண்ணெய், உப்பிட்ட கறி, தேசிக்காய்த் தோல் ஆகாது. புழு தோலால் மூச்சுவிடுகிறது. காய்ந்தாலும் சாகும், நீர் தேங்கினாலும் சாகும். பிழிந்த துணியின் ஈரமே அளவு. நிழலில் வைத்துச் சாக்கினால் மூடுங்கள். எறும்பு ஏறாதிருக்கப் பேசினைத் தாங்கும் கற்களைத் தண்ணீர்த் தட்டுகளில் வையுங்கள். நுளம்பு பெருகாதிருக்க அந்நீரை அடிக்கடி மாற்றுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் கறுத்து, மழை நனைத்த மண்ணாக மணக்கும். அதை வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடிக்கு இறங்கும். மேலேயுள்ளதை அள்ளி, கொச்சிச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் அடியில் மணலோடு கலந்துவிடுங்கள். ஊற்றும் தண்ணீர் இனி வேரருகே நிற்கும்.

வளவு முழுவதும் ஒரே நாளில் மாறாது. ஒரு செடியின் அடி மாறும், பிறகு அடுத்த செடி. நாளை மரக்கறி நறுக்கும்போது தோலைத் தனிச் சட்டியில் போடுங்கள். அதுவே தொடக்கம்.