இருபத்தொரு நாளும் அதற்குப் பின்னும்

முட்டையினின்றும் குஞ்சு வெளிவருதல் உலகத்தில் நாடோறும் நிகழ்கின்ற காரியம். கிராமத்திற் பிறந்தவர்க்கு அது ஓர் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் இந்நாளில் வளரும் சிறுவர் சிறுமியரிற் பலர் அதனைக் கண்ணாற் கண்டதில்லை. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்பன ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஊர்கள். ஏரிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் கீழிருந்த வயல்களோ பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. வயல் போனபின் வைக்கோற்போர் போயிற்று. வைக்கோற்போர் போனபின் அதனடியிற் கிளறித் திரிந்த கோழியும் போயிற்று. முட்டையென்பது மளிகைக் கடையில் அட்டைத் தட்டில் அடுக்கி விற்கும் பண்டம் என்ற அளவே பிள்ளைகள் அறிவர்.

இக்குறையைச் சிறிதேனும் நீக்கலாமென்று கருதி, நம் கல்லூரியிற் பிராணி சாஸ்திரம் பயிலும் மாணாக்கராகிய நாங்கள் அறுவர், மாடம்பாக்கம் செல்லும் வழியிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பிலே கோழிக் குஞ்சும் வாத்துக் குஞ்சும் பொரிப்பிக்க முற்பட்டோம். அவ்வகுப்பில் 31 பிள்ளைகள் இருந்தனர். எங்கள் கருத்தைக் கேட்ட தலைமை ஆசிரியை அம்மையார், முட்டையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் ஒன்றும் வினவவில்லை. “பொரித்த குஞ்சுகள் எங்கே போகும்? அதைச் சொல்லிவிட்டு முட்டை வையுங்கள்” என்றார்.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. முட்டைக்கென வளர்க்கப்படும் கோழி வகைகளிற் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல். அவை முட்டையிடா, விரைவிற் சதை பிடிப்பனவும் அல்ல. ஆதலின் பல தேசங்களில் அவை பொரித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி தேசம் 2022ஆம் ஆண்டு முதல் அவ்வழக்கத்தைச் சட்டத்தால் விலக்கிற்று. நம் நாட்டில் அத்தகைய சேவற் குஞ்சுகளிற் சில, பச்சையும் சிவப்புமாகச் சாயம் ஏற்றப்பெற்று, தெருவிலும் திருவிழாவிலும் குழந்தைகளுக்கு விற்கப்படுகின்றன. வெதுவெதுப்பும் தக்க தீனியும் இன்றி அவற்றுட் பெரும்பாலானவை சின்னாளில் மடிகின்றன. செருப்புப் பெட்டியிற் செத்த குஞ்சை ஏந்தி அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை அவ்வம்மையார் பலமுறை தேற்றியிருக்கிறார்.

ஆகவே நாங்கள் முதலிற் செய்தது வீடு எண்ணுதல். பிள்ளைகள் 31 பேரின் வீடுகளையும் விசாரித்ததில், கோழி வளர்க்கத்தக்க கொல்லை உடையவை ஐந்து. மற்றையோர் அடுக்குமாடிகளிலும் ஒற்றையறை வாடகை வீடுகளிலும் வசிப்பவர். அவ்வைந்து வீட்டாரும் சேர்ந்து 18 குஞ்சுகளை ஏற்க இசைந்தனர். அவருள் ஏரிக்கரையோரம் இருந்த இருவர் வாத்தையும் ஏற்க இசைந்தனர். அக்கணக்கின்படியே கோழிமுட்டை 12, வாத்துமுட்டை 6 என்று வரையறுத்தோம்.

கடையில் விற்கும் முட்டை பொரிக்காது. ஏனெனிற் கூண்டுப் பண்ணைகளில் முட்டையிடும் பெட்டைகளுடன் சேவலை விடுவதில்லை. சேவலோடு திரியும் நாட்டுக்கோழிகளின் முட்டையை வீடுகளிற் கேட்டு வாங்கினோம். வாத்துமுட்டை பொரிக்க 28 நாள் செல்லும். கோழிமுட்டைக்கு 21 நாளே போதும். இரண்டும் ஒரே நாளிற் பொரிக்கவேண்டி, வாத்துமுட்டைகளை ஒரு வாரம் முன்னதாகவே மின்சார அடைப்பெட்டியில் வைத்தோம். பெட்டியின் வெப்பம் 37.5 பாகை சென்டிகிரேட். ஈரத்திற்காக ஒரு தட்டில் தண்ணீர். ஒவ்வொரு முட்டையின் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கற்குறியும் பென்சிலால் இட்டு, நாள்தோறும் மும்முறை பிள்ளைகளே புரட்டினர். புரட்டாது விட்டாற் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை ஒருமுறை சொன்னோம். மறுமுறை சொல்லவேண்டிய அவசியம் நேரவில்லை. தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் விதி.

ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் விளக்கை முட்டையின் அடியிற் பிடித்துக் காட்டினோம். செந்நிற நரம்புகள் ஆலமர வேர்போற் படர்ந்திருக்க, நடுவே ஒரு கரும்புள்ளி அசைந்தது. கோழிமுட்டையில் மூன்றும் வாத்துமுட்டையில் ஒன்றும் உள்ளே ஒன்றுமின்றி வெளிச்சமாகத் தெரிந்தன. “கூமுட்டை!” என்று பிள்ளைகள் கூவி, அப்பெயரால் வழக்கமாக ஏளனம் செய்யப்படும் ஒரு பையனை நோக்கி நகைத்தனர். அவன் சற்றும் நாணாமல், “கரு இல்லையென்றால் அது முட்டையின் குற்றமா?” என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று.

மறுநாள் நாங்கள் நுண்பெருக்கி ஒன்றையும், 48 மணி நேரக் கோழிக் கருவைச் சாயமேற்றிப் பதித்த கண்ணாடித் தகடு ஒன்றையும் கொண்டு சென்றோம். 24, 48, 72 மணி என்று வரிசையாக இத்தகடுகளை நம் வகுப்பினர் யாவரும் கண்டு படம் எழுதியிருக்கிறோம். முட்டையைத் திறந்து கருவைக் காணுதல் பழமையான வித்தை. ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், மூன்று நாட்கள் சென்ற முட்டையில் ஒரு துளி இரத்தம்போல் இதயம் துடிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். இவற்றையெல்லாம் உற்சாகத்தோடு கூறி, பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அழைத்துக் காட்டினோம். ஒரு சிறுமி நெடுநேரம் பார்த்தாள். பின்பு தலை நிமிர்ந்து, “அண்ணா, இந்தக் குஞ்சு எப்போது பொரிக்கும்?” என்றாள்.

எங்கள் அறுவரில் ஒருவரும் உடனே விடையளிக்கவில்லை. பிறகு எங்களுள் ஒருவர், “அது பொரிக்காதம்மா. நாங்கள் படிப்பதற்காக இரண்டாம் நாளே அதை எடுத்துவிட்டார்கள்” என்றார். அவள் அழவில்லை; குறை கூறவும் இல்லை. மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

பரிசோதனைக் கூடத்துப் படிப்பைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. கருவின் வளர்ச்சியை அறியாமல் வைத்திய சாஸ்திரம் இல்லை. பிராணிகளை அறுத்துக் கற்பதைக் குறைக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011ஆம் ஆண்டு நெறி வகுத்து, 2014ஆம் ஆண்டு மேலும் இறுக்கியதும் நாம் அறிந்ததே. ஒரு தகடு நன்கு பேணப்படின் பல ஆண்டு மாணாக்கர்க்குப் பயன்படும். ஆயின் அதனை அரை நிமிடம் நோக்கி, அயலான் குறிப்பேட்டைப் பார்த்துப் படம் எழுதிவிட்டு எழுந்து போவோமாயின், அவ்வுயிர் கொடுத்த விலைக்கு நாம் பெற்றது யாது? இவ்வினாவை எங்களுக்கு எழுப்பியவள் ஒன்பது வயதுச் சிறுமி.

கோழிமுட்டைக்குப் பதின்மூன்றாம் நாள். ஐப்பசி மாதத்துப் பெருமழையில், இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. அன்று காவலுக்கிருந்த இருவர் பெட்டியின்மேற் சாக்கைப் போர்த்திக்கொண்டு செய்வதறியாது இருக்கையில், பள்ளியிற் சத்துணவு சமைக்கும் ஆயா அடுத்த தெருவிலிருந்து குடை பிடித்து வந்தார். அவர் இடுப்பில் ஒரு கூடை, கூடையிலே அடைக்கோழி. “பெட்டி ஆறிப்போனா என்ன தம்பி, இவ ஆறமாட்டா” என்று சொல்லி, இருட்டிலேயே முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றின்கீழ்ச் செலுத்தினார். எஞ்சியிருந்த 14 முட்டைகளில் 12 அடங்கின. அடங்காத இரண்டைப் பழந்துணியிற் சுற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டு, விடியுமளவும் சுவரிற் சாய்ந்திருந்தார்.

காலையில் மின்சாரம் வந்தபின் கோழிமுட்டைகளைப் பெட்டிக்கு மாற்றினோம். வாத்துமுட்டை ஐந்தையும் கோழியிடமே விட்டுவிடும்படி ஆயா கூறினார். முட்டைக்கென வளர்க்கும் வாத்துகள் பெரும்பாலும் அடைகாக்கும் குணத்தை இழந்துவிட்டமையால், வாத்துமுட்டையைக் கோழியிடம் அடைவைத்தல் நம் நாட்டுப் பழைய வழக்கம். அன்றுமுதல் வகுப்பின் ஒரு மூலையிற் பெட்டியும் மறுமூலையிற் கூடையும் இருந்தன. நாங்கள் உஷ்ணமானியைப் பார்த்து அட்டவணை எழுதியதை, அக்கோழி அலகாற் புரட்டியும் நாளுக்கு ஒருமுறை இறங்கித் தீனி தின்றும் பிழையின்றிச் செய்தது.

பதினெட்டாம் நாள் புரட்டுதலை நிறுத்தி, பெட்டியில் ஈரத்தை மிகுத்தோம். இருபதாம் நாள் மூடிய ஓட்டினுள்ளிருந்து கீச்சொலி கேட்டது. மூலையிலிருந்த கோழி ‘க்ளக், க்ளக்’ என்று மறுமொழி கூறிற்று. பெட்டிக்கு அக்குரல் இல்லை. அதனைக் கண்ட பிள்ளைகள் பெட்டியைச் சூழ்ந்து, கோழியைப்போலத் தாமே ஒலித்தனர். கணக்குப் பாடம் அன்று நடைபெறவில்லை.

மறுநாள் உச்சிக்குள் ஏழு கோழிக் குஞ்சுகளும் நான்கு வாத்துக் குஞ்சுகளும் பொரித்தன. இரண்டு கோழிமுட்டைகளும் ஒரு வாத்துமுட்டையும் பொரிக்கவில்லை. அவற்றுள் ஒன்று ஓட்டிற் சிறு துளையிட்டு அயர்ந்து நின்றது. உரித்து விடலாமென்று பிள்ளைகள் மன்றாடினர். சவ்விலோடும் இரத்தம் உள்ளடங்காமலும், மஞ்சட் கரு வயிற்றினுள் இழுக்கப்படாமலும் இருக்கையில் உரித்தாற் குஞ்சு இறக்கும் என்று விளக்கித் தடுத்தோம். காத்திருந்தும் அது இறந்தது. பிள்ளைகள் அதனைப் புங்கமரத்தடியிற் புதைத்தனர். நாங்கள் ஆறுதல் மொழி தேடிக்கொண்டிருக்க, ஆசிரியை அம்மையார் அவர்களை அழ விட்டார். அதுவே சரியென்று இப்போது நினைக்கிறோம்.

இனித் தாய் யார் என்ற வினா எழுந்தது. வாத்துக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்திற்குள் எவ்வுருவம் தன்முன் அசைகின்றதோ அதனையே தாயாகக் கொண்டு பின்தொடரும் என்பதை, கொன்ராட் லோரன்ஸ் 1935ஆம் ஆண்டு விரிவாக எழுதினார். இதனைக் கேட்ட பிள்ளைகள் யாவரும் தாயாக விரும்பினர். “மாலை நாலரை மணிக்கு நீங்கள் வீட்டுக்குப் போனபின் அவை யாரைப் பின்தொடரும்?” என்று வினவினோம். சிறிது வாதித்தபின் கோழிக்கே அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தனர். அன்றிரவு ஆயா பெட்டிக் குஞ்சுகள் ஏழையும் இருட்டிற் கோழியின் சிறகடியிற் சேர்த்தார். காலையில் அது பதினொன்றையும் தன் மக்களென அழைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிற்று. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் தொல்காப்பியத்து மரபியல் பெயர் வகுத்திருக்கிறது. நம் குழந்தைகளை அழைக்கும் சொல்லே அவற்றுக்கும் உரியது என்பதை அன்று காலை நேரிற் கண்டோம்.

முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கண்ணில் விடுவித்தோம். 1927ஆம் ஆண்டு நம் நாட்டில் ராணிக்கேத் என்னும் மலையூரிற் காணப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற நோய் அது. தடுப்பு மருந்தின்றேல் ஊர்க்கோழிகளைக் கூட்டமாக வாரிக்கொண்டு போகும். தாயை விட்டுப் பிரியும் பருவம் வந்தபின், ஒற்றைக் குஞ்சாக ஒரு வீட்டிற்கும் அனுப்பாமல், இரண்டும் மூன்றுமாகப் பகிர்ந்து கொடுத்தோம். ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. இதை எழுதும் நாளிற் பத்து வளர்கின்றன.

ஏழில் மூன்று சேவலாகத் தெரிந்தன. அவை ஒருநாள் குழம்பாகும் என்பதைப் பிள்ளைகளுக்கு மறைப்பதா, உரைப்பதா என்று நாங்கள் தயங்கியபோது, ஆயாவே உரைத்தார்: “வளத்துத் தின்னா பாவமில்ல கண்ணு. வளக்காம சாகவிட்டாத்தான் பாவம்.” இதற்கு உடன்படாதாரும் எங்களுள் உண்டு, அவ்வழக்கு விடுதியில் இன்னும் முடியவில்லை. ஆனால் வகுப்பிலே ஒரு பிள்ளையும் ஏமாற்றப்படவில்லை.

வரும் ஆண்டில் இம்முயற்சியை வேறு பள்ளிகளில் மேற்கொள்ள விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். வெப்பத்தையும் ஈரத்தையும் எந்நூலும் கற்பிக்கும். காட்டுப்பாக்கத்து வேளாண் அறிவியல் நிலையம்போன்ற இடங்களில் அறிந்தோரும் உளர். இருபத்தொரு நாள் எளிது. இருபத்திரண்டாம் நாள் குஞ்சு எங்கே இருக்கும் என்பதை அறிந்தபின் முட்டை வையுங்கள். இடம் இருக்கும் அளவே வையுங்கள். ஊரில் ஓர் அடைக்கோழி உடையாரைத் துணைக்கொள்ளுங்கள். எங்களைப் பொறுத்தவரை, அந்த 48 மணித் தகட்டை இப்போது மெதுவாகவே பார்க்கிறோம்.